சிஸ்டர் பதில்கள்: குழாய், கை வீக்கம், கூச்சம்

மார்பகப் புற்றுநோய் பற்றிய கடிதங்கள் நிறையச் சேர்ந்துவிட்டதால் இந்த முறை பகுதி முழுக்க அவற்றுக்கே. பெரும்பாலோர் பெயர் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் ஊர் மட்டும் போட்டிருக்கிறோம். அரசு மருத்துவமனையின் புற்றுநோய் வார்டில் பணியாற்றி ஓய்வுபெற்ற செவிலியர் பதில் சொல்கிறார்.

கேள்வி: அம்மாவுக்கு ஒரு பக்க மார்பை எடுத்துவிட்டு, குழாயோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அக்குளுக்குக் கீழே இருந்து வரும் குழாயின் நுனியில் பந்து மாதிரி ஒன்று இருக்கிறது. அதில் ரத்தமாகச் சேர்கிறது. தினமும் அளந்து எழுதி வைக்கச் சொன்னார்கள். எனக்குத் தொடவே கை நடுங்குகிறது.
வாசகி, திருப்பூர்

பதில்: அது எதற்கு இருக்கிறது என்று தெரிந்தால் பாதி நடுக்கம் நின்றுவிடும். மார்பையும் அக்குளில் உள்ள நெறிக்கட்டிகளையும் எடுத்த இடத்தில் நீர் சுரந்துகொண்டே இருக்கும். அது உள்ளேயே தேங்கினால் தோல் அடியில் ஒட்டாது, சீழ் பிடிக்கவும் கூடும். அதை வெளியே இழுப்பதற்குத்தான் குழாய். வார்டில் நாங்கள் ‘ட்ரெயின்’ (drain, வடிகுழாய்) என்போம்.

காலையும் மாலையும் ஒரே நேரத்தில் செய்யுங்கள். சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். பந்தின் மூடியைத் திறந்து, உள்ளே இருப்பதை அளவுக் குவளையில் ஊற்றுங்கள். இருமல் மருந்தோடு வரும் சின்னக் குவளை போதாது. மருந்துக் கடையில் மில்லி கோடு போட்ட பிளாஸ்டிக் குவளை கேட்டு வாங்குங்கள். எத்தனை மில்லி, என்ன நிறம் என்று நோட்டில் எழுதிவிட்டுக் கழிப்பறையில் கொட்டலாம். பிறகு பந்தை உள்ளங்கையில் வைத்து நன்றாக நசுக்கி, நசுக்கிய நிலையிலேயே மூடியைப் போட வேண்டும். நிறையப் பேர் தவறவிடுவது இதைத்தான். மூடியபின் பந்து உப்பிக்கொண்டு அழகாக இருந்தால் அது உறிஞ்சவில்லை என்று பொருள். ஒடுங்கி அசிங்கமாக இருந்தால்தான் வேலை செய்கிறது.

குழாய்க்குள் நூல் நூலாக ரத்தக்கட்டி தெரிந்தால், உடம்போடு சேரும் இடத்தில் குழாயை ஒரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு, மறு கை விரல்களால் மேலிருந்து கீழாக உருவிவிடுங்கள். முதல் சில நாள் சிவப்பாக வரும், அப்புறம் வெளிறும், கடைசியில் வைக்கோல் நிறத்துக்கு வந்துவிடும். ஒரு நாளில் சேருவது 30 மில்லிக்குக் கீழே இறங்கி, இரண்டு நாள் அப்படியே நின்றால் பெரும்பாலும் குழாயை எடுத்துவிடுவார்கள். அதனால் அந்த நோட்டு முக்கியம். ‘கொஞ்சமாத்தான் வருது டாக்டர்’ என்று சொல்வதை வைத்து யாரும் குழாயை எடுக்க மாட்டார்கள்.

பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு திரிய வேண்டாம். பழைய பருத்தித் துணியில் சுருக்குப்பை தைத்து, நாடா போட்டு இடுப்பில் கட்டிக்கொண்டால் நைட்டிக்குள் தெரியாது. நைட்டி முன்பக்கம் பொத்தான் வைத்ததாக இருக்கட்டும், கையைத் தூக்கிப் போடும்படி வேண்டாம். திடீரென்று பந்து பளிச்சென்ற சிவப்பு ரத்தத்தால் நிறைந்தாலோ, நாற்றம் அடித்தாலோ, குழாய் பாதி வெளியே வந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். வெளியே வந்த குழாயை நீங்களே உள்ளே தள்ளக் கூடாது.

இன்னொன்று. குழாய் இருக்கிறதே என்று அம்மா கையை மார்போடு ஒட்டியே வைத்திருப்பார். விரலை மடக்கி நீட்டுவது, முழங்கையை மடக்குவது எல்லாம் முதல் நாளிலிருந்தே செய்யலாம். அந்தக் கையாலேயே சாப்பிடட்டும், முகம் கழுவட்டும். குழாய் எடுக்கும்வரை தோள் மட்டத்துக்கு மேல் தூக்க வேண்டாம். எடுத்தபின் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, சுவரைப் பார்த்து நின்று விரல்களால் மெல்ல மெல்ல மேலே ஏறலாம். எட்டிய இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வையுங்கள். பேரப்பிள்ளைக்கு உயரம் பார்த்துக் கோடு போடுவோமே, அதற்குப் பக்கத்திலேயே போட்டுக்கொள்ளலாம்.

கேள்வி: மருமகளுக்கு மார்பில் புற்றுநோய். கீமோ போட்டுக்கொண்டிருக்கிறாள். அவள் தட்டையும் டம்ளரையும் தனியாக வைத்திருக்கிறேன். குழந்தையை அவளிடம் விடலாமா?
வாசகி, விருதுநகர்

பதில்: தாராளமாக விடலாம். தட்டை இன்றைக்கே மற்றதோடு சேர்த்து வைத்துவிடுங்கள் அம்மா. புற்றுநோய் எச்சிலால், தொட்டால், ஒரே படுக்கையில் படுத்தால் ஒட்டாது. உண்மையில் நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு. கீமோவால் அவளுக்கு எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும். குழந்தைக்குச் சளி, காய்ச்சல், அம்மை என்றால் குழந்தையிடமிருந்து அவளைக் காப்பாற்ற வேண்டும். கீமோ போட்டு முதல் இரண்டு நாள் அவள் சிறுநீர், வாந்தியில் மருந்து வெளியேறும் என்பதால் கழிப்பறையில் இரண்டு முறை தண்ணீர் ஊற்றுங்கள், வாந்தி பட்ட துணியைக் கையுறை போட்டுத் தனியாகத் துவையுங்கள். சில மருந்துகள் சிவப்பு நிறம், அவற்றைப் போட்டபின் சிறுநீரும் சிவப்பாகப் போகும். ரத்தம் என்று அலறாதீர்கள்.

கேள்வி: இரண்டாவது கீமோ போட்டு ஒன்பது நாள் ஆகிறது. நேற்று இரவு காய்ச்சல் 101. பாராசிட்டமால் போட்டேன், குறைந்துவிட்டது. அடுத்த செக்கப்பில் சொன்னால் போதுமா?
வாசகி, கும்பகோணம்

பதில்: போதாது. இந்தக் கடிதம் கிடைத்த அன்றே தொலைபேசியில் சொல்லி அனுப்பிவிட்டோம் என்றாலும், மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். கீமோ போட்ட ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை ரத்த வெள்ளணுக்கள் மிகவும் குறைந்திருக்கும். அந்தச் சமயத்தில் 100.4 டிகிரி பாரன்ஹீட், அதற்கு மேல் என்றால் அது அவசரம். நடு ராத்திரி என்றாலும் அவசரம்தான். மாத்திரை போட்டுக் காய்ச்சலை இறக்கிவிட்டால் காய்ச்சல்தான் மறையும், உள்ளே இருக்கும் கிருமி போகாது. அவசரப் பிரிவில் நுழைந்ததும் ‘காய்ச்சல்’ என்று மட்டும் சொன்னால் வரிசையில் உட்கார வைப்பார்கள். ‘கீமோ போட்டு ஒன்பது நாள், காய்ச்சல் 101’ என்று சொல்லி ஃபைலை நீட்டுங்கள். வீட்டில் டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று இருக்கட்டும். நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்ப்பது இதற்கு உதவாது.

கேள்வி: என் மனைவிக்கு வயது 38. அறுவை சிகிச்சை, கீமோ, கரண்ட் (கதிர்வீச்சு) எல்லாம் முடிந்துவிட்டது. என் முன்னால் உடை மாற்றுவதில்லை. குழந்தைகளோடு தனி அறையில் படுக்கிறாள். அவள் மனம் நோகக் கூடாதென்று நானும் எதையும் கண்டுகொள்ளாத மாதிரி இருக்கிறேன். சரிதானே?
வாசகர், கோவை

பதில்: தம்பி, உங்கள் எண்ணம் நல்லது. ஆனால் நீங்கள் கண்டுகொள்ளாமல் இருப்பதை அவர் எப்படி எடுத்துக்கொள்கிறார் என்று யோசித்தீர்களா? ‘பார்க்கப் பிடிக்காமல்தான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்’ என்று எடுத்துக்கொண்டிருப்பார். வார்டில் பெண்கள் எங்களிடம் சொன்னது பெரும்பாலும் இதுதான். கணவர் என்ன சொன்னார் என்று கேட்டால், ‘அவர் ஒண்ணுமே சொல்லலை சிஸ்டர்’ என்பார்கள். அந்த ‘ஒண்ணுமே’ என்பதில்தான் அழுகை வரும்.

தழும்பைக் காட்டு என்று கேட்காதீர்கள். அதற்கு முன்னால் செய்ய நிறைய இருக்கிறது. ராத்திரி அந்தக் கைக்கு எண்ணெய் தடவிவிடட்டுமா, சுவர்ப் பயிற்சிக்குப் பக்கத்தில் நிற்கட்டுமா என்று கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் விட்டுவிட்டு, இரண்டு நாள் கழித்து மறுபடி கேளுங்கள். ஒரே அறையில் படுப்போம், வேறு எதுவும் இல்லை என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். நம் ஊர் ஆண்களுக்கு இதைச் சொல்லத்தான் வாய் வராது, தெரியும். சொல்லிவிட்டால் ஒன்றும் ஆகாது.

உடம்பு சம்பந்தமான காரணங்களும் இருக்கலாம். கீமோவும், ஹார்மோனைத் தடுக்கக் கொடுக்கும் மாத்திரையும் மாதவிடாயை நிறுத்திவிடலாம், பெண்ணுறுப்பு வறண்டுபோகும், சேர்ந்தால் எரியும், வலிக்கும். இதைக் கணவனிடம் சொல்ல வெட்கப்பட்டு ‘தலைவலி’ என்பார்கள். தண்ணீர் சேர்ந்த வழுவழுப்பு ஜெல்கள் மருந்துக் கடையில் கிடைக்கின்றன. ஆணுறை பயன்படுத்துவதாக இருந்தால் எண்ணெய் கூடாது, உறை கிழியும். ஹார்மோன் உள்ள கிரீம்களை மருத்துவரைக் கேட்காமல் போடக் கூடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாதவிடாய் நின்றுவிட்டதே, கர்ப்பம் தங்காது என்று நினைத்துவிடாதீர்கள். 38 வயதில் தங்கலாம். அந்த ஹார்மோன் தடுப்பு மாத்திரை சாப்பிடும்போது கரு உண்டானால் குழந்தைக்கு ஆபத்து. கருத்தடை மாத்திரை இவருக்கு ஆகாது. ஆணுறை அல்லது ஹார்மோன் இல்லாத காப்பர்-டி பற்றிப் பேசுங்கள். மனைவியோடு மறுபரிசோதனைக்குப் போகும்போது நீங்களும் அறைக்குள் போங்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருக்கும் கணவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

கேள்வி: இட்லிக் கடை வைத்திருக்கிறேன். ஆபரேஷன் முடிந்து இரண்டு வருடம் கழித்து இப்போது அந்தக் கை வீங்குகிறது. பாரமே தூக்கக் கூடாது, அந்தக் கையை அசைக்கவே கூடாது என்கிறார்கள். கடையை மூடிவிடவா?
வாசகி, திண்டுக்கல்

பதில்: கடையை மூட வேண்டாம். இந்தக் கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் தவறான அறிவுரை அதிகம் சுற்றுகிறது.

அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்தபின், அல்லது அங்கே கதிர்வீச்சுக் கொடுத்தபின், கையிலிருந்து நிணநீர் திரும்பிப் போகும் பாதை குறைந்துவிடுகிறது. நீர் கையிலேயே தேங்கும். ஆறு மாதத்திலும் வரலாம், பல வருடம் கழித்தும் வரலாம். ஆரம்பத்தில் கண்ணுக்குத் தெரியாது. வளையல் ஏறாது, மோதிரம் இறுக்கும், ரவிக்கையின் ஒரு கை மட்டும் பிடிக்கும். தையல்காரர் வைத்திருக்கும் இஞ்சு டேப் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், மறுபக்கம் சென்டிமீட்டர் இருக்கும். மணிக்கட்டில் ஒரு அளவு, முழங்கைக்குக் கீழே 10 சென்டிமீட்டரில் ஒன்று, மேலே 10 சென்டிமீட்டரில் ஒன்று, இரண்டு கைக்கும் எடுத்து எழுதுங்கள். ஒரே இடத்தில் இரண்டு கைக்கும் 2 சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வீக்கம் என்று கணக்கு. மாதம் ஒருமுறை அளந்தால் ஏறுகிறதா, இறங்குகிறதா என்று தெரிந்துவிடும்.

பாரமே தூக்கக் கூடாது என்பது பழைய பேச்சு. நாங்களும் ஒரு காலத்தில் டிஸ்சார்ஜ் சீட்டிலேயே அப்படித்தான் எழுதிக் கொடுத்தோம், அன்றைய விதி அது. 2009-ல் அமெரிக்காவில், கை வீக்கம் உள்ள பெண்களைக் கொஞ்சம் கொஞ்சமாக எடை தூக்கப் பழக்கிப் பார்த்த ஆய்வு வெளியானது. வீக்கம் கூடவில்லை. அதுமட்டுமில்லை, வீக்கம் திடீரென்று மோசமாவது எடை தூக்காதவர்களைவிட அவர்களிடம் குறைவாக இருந்தது, கையில் பலமும் கூடியிருந்தது. அவர்கள் சும்மா தூக்கவில்லை; பயிற்சியாளர் பார்க்க, குறைந்த எடையில் தொடங்கி, இறுக்கமான கை உறை போட்டுக்கொண்டு தூக்கினார்கள். நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியதும் அதுதான். ஒரேயடியாக இருபது கிலோ அரிசி மூட்டையைத் தூக்குவது வேறு, மாவுத் தூக்கைப் பாதி நிரப்பி இரண்டு தடவையாகக் கொண்டுபோவது வேறு.

முதலில் அரசு மருத்துவமனையில் பிசியோதெரபி பிரிவுக்குப் போங்கள். பட்டை பட்டையாகக் கட்டுப் போட்டு வீக்கத்தை இறக்குவார்கள், இறங்கியபின் அளவெடுத்து உறை எழுதிக் கொடுப்பார்கள். உறையைக் காலையில் எழுந்ததும் போட்டு, படுக்கும்போது கழற்ற வேண்டும். வீங்கிய கைக்கு வாங்கிய உறையை வீக்கம் இறங்கியபின்னும் போட்டுக்கொண்டிருந்தால் பயனில்லை. கை வைத்தியர் யாரிடமாவது போய் எண்ணெய் போட்டு அழுத்தி நீவிக்கொள்ளாதீர்கள். இதற்கு வேண்டியது தோலை மட்டும் மென்மையாகத் தள்ளும் நீவல், அதைப் பிசியோவிடம் கற்றுக்கொள்ளலாம். நீர் பிரிய மாத்திரை கேட்டு வாங்குவதும் வேண்டாம், இந்த நீருக்கு அது வேலை செய்யாது.

உங்கள் தொழிலில் நான் பயப்படுவது பாரத்துக்கு அல்ல, சூட்டுக்கும் வெட்டுக்காயத்துக்கும்தான். இட்லிக் கொப்பரையின் மூடியை மறு கையால் திறங்கள். தட்டை எடுக்க நீளக் கையுறை போடுங்கள். தேங்காய் துருவும்போது, வெங்காயம் நறுக்கும்போது கீறல் பட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவி மருந்து வையுங்கள். மாவில் கை ஊறிக்கொண்டே இருந்தால் விரல் இடுக்கில் சேற்றுப்புண் மாதிரி வரும், அதுவும் கிருமிக்கு வாசல்தான். கை சிவந்து, சூடாகி, காய்ச்சல் வந்தால் உறையைக் கழற்றிவிட்டு அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும், ஆன்டிபயாடிக் தேவைப்படும். ஊசி, ரத்த அழுத்தப் பட்டை எல்லாம் முடிந்தவரை மறு கையில் போடச் சொல்லுங்கள். அவசரத்தில் யாராவது இந்தக் கையில் ஒரு தடவை பார்த்துவிட்டார்கள் என்பதற்காக ராத்திரி தூங்காமல் இருக்க வேண்டாம்.

கேள்வி: உள்ளாடைக்குள் வைக்கும் சிலிக்கோன் மார்பகம் விலை கேட்டேன், ஆயிரக்கணக்கில் சொல்கிறார்கள். கைக்குட்டையைச் சுருட்டி வைத்துக்கொள்கிறேன். கூட்டத்தில் மேலே ஏறிவிடுகிறது.
வாசகி, தஞ்சாவூர்

பதில்: ஏறத்தான் செய்யும், எடை இல்லையே. அழகுக்காக மட்டும் கேட்கிறீர்கள் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். ஒரு பக்கம் கனம் போய்விட்டால் தோளும் முதுகும் கோணிக்கொண்டு வலிக்கும், அதனால் எடை தேவைதான். எங்கள் வார்டில் நோயாளிகளுக்குச் சொல்லிக் கொடுத்த வழி இது: மறு பக்கத்து உள்ளாடையின் கிண்ண அளவுக்கு மெல்லிய பருத்தித் துணியில் இரண்டு வட்டம் வெட்டி, ஓரத்தில் சின்னச் சின்ன மடிப்பு வைத்துக் குமிழாகத் தையுங்கள். உள்ளே பஞ்சு. நடுவில், அடிப்பக்கமாக, கடுகு நிரப்பிய குட்டிப் பை ஒன்று. சமையல் தராசு இருந்தால் நல்லது, இல்லையென்றால் கண்ணாடி முன் நின்று இரண்டு தோளும் ஒரே மட்டமாக வரும்வரை கடுகைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். உள்ளாடையின் உட்பக்கம் ஒரு பாக்கெட் தைத்து அதில் செருகினால் எங்கேயும் ஏறாது. துவைக்கும்போது கடுகுப் பையை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் முளைக்கும்! காயம் முழுக்க ஆறும்வரை, அதாவது முதல் ஆறு முதல் எட்டு வாரம், வெறும் பஞ்சு மட்டும் போதும். கதிர்வீச்சு நடக்கும்போது எதையும் வைத்து அழுத்தாதீர்கள். அந்த இடத்தில் பவுடர், சந்தனம், மஞ்சள் எதுவும் பூசாதீர்கள். அவர்கள் வரைந்த கோடுகளைத் தேய்த்து அழித்துவிடாதீர்கள்.

கேள்வி: டாமாக்சிபென் மாத்திரை சாப்பிட ஆரம்பித்ததிலிருந்து குபீரென்று உடம்பு கொதிக்கிறது, வேர்த்துக் கொட்டுகிறது. கட்டிதான் போய்விட்டதே, நிறுத்திவிடலாமா?
வாசகி, நாகர்கோவில்

பதில்: நீங்களாக நிறுத்தாதீர்கள். கட்டி போனபின் திரும்பி வராமல் இருப்பதற்குத்தான் அந்த மாத்திரை. ஐந்து வருடம், சிலருக்குப் பத்து வருடம். கொதிப்பு மாத்திரையின் வேலைதான், நோய் அல்ல. சிலருக்கு இரவில் போட்டால் தேவலாம் போல இருக்கும். சூடான காபி, காரம் இரண்டையும் குறைத்துப் பாருங்கள். தாங்கவே முடியாவிட்டால் மருத்துவரிடம் சொல்லுங்கள், குறைக்க மருந்து உண்டு. ஆனால் மனச்சோர்வுக்கான மாத்திரைகளில் சில டாமாக்சிபெனின் வேலையைக் கெடுக்கும், ஆகவே வேறு யாரிடம் மருந்து வாங்கினாலும் இதைச் சாப்பிடுவதைச் சொல்லிவிடுங்கள். மாதவிடாய் நின்றபின் ரத்தப்போக்கு, ஒரு கெண்டைக்காலில் மட்டும் வீக்கமும் வலியும், திடீர் மூச்சுத்திணறல், இந்த மூன்றில் எது வந்தாலும் காத்திருக்கக் கூடாது.

கேள்வி: நான் நர்சிங் மூன்றாம் ஆண்டு மாணவி. வார்டில் மார்பகப் புற்றுநோய் நோயாளிகளோடு உட்கார்ந்து பேசினால் ‘போய் வேலையைப் பார்’ என்கிறார்கள். பேசுவது வேலை இல்லையா சிஸ்டர்?
வாசகி, மதுரை

பதில்: எதைப் பேசுகிறாய் என்பதைப் பொறுத்தது. ‘தைரியமா இருங்க, எல்லாம் சரியாயிடும்’ என்று சொல்லிக்கொண்டிருந்தால், உன்னை விரட்டியவர்கள் பக்கம்தான் நான்.

1980-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் பீட்டர் மெக்வயர் என்ற மனநல மருத்துவரும் அவருடைய குழுவும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மார்பை எடுத்த பெண்களில் ஒரு பகுதியினருக்கு ஒரு செவிலியரை ஏற்பாடு செய்தார்கள். அவர் ஆறுதல் சொல்வார், தழும்பைப் பார்க்கப் பழக்குவார், கைப் பயிற்சி சொல்லிக் கொடுப்பார், வீட்டுக்கும் போய்ப் பார்ப்பார். மற்றவர்களுக்கு வழக்கமான கவனிப்பு. ஒரு வருடத்துக்கு மேல் கழித்துப் பார்த்தால், செவிலியர் பார்த்த பெண்களில் 12 சதவீதம் பேருக்கும், மற்றவர்களில் 39 சதவீதம் பேருக்கும் மனநோய் அறிகுறிகள் இருந்தன. ஆனால் நான் மாணவிகளிடம் அழுத்திச் சொல்வது அடுத்த செய்தியை. அந்த ஆறுதல் பேச்சு மனச்சோர்வு வராமல் தடுக்கவில்லை. வந்தவர்களை அந்தச் செவிலியர் கண்டுபிடித்து மனநல மருத்துவரிடம் அனுப்பினார், அவர்கள் குணமானார்கள். வித்தியாசம் அங்கேதான் வந்தது.

ஆகவே பேச்சு என்றால் கேள்வி. ‘எப்படி இருக்கீங்க’ என்று கேட்டால் நம் பெண்கள் ‘நல்லா இருக்கேன்’ என்றுதான் சொல்வார்கள். ராத்திரி எத்தனை மணிக்கு முழிப்பு வருது? முழிச்சா என்ன நினைப்பு வருது? டிவி சீரியல் பார்க்கிறீங்களா, கதை மனசுல நிக்குதா? குளிக்கும்போது கீழே குனிஞ்சு பார்க்கிறீங்களா? இப்படிக் கேட்டுப் பார். ஐரோப்பியப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு ஒன்றின் வாழ்க்கைத் தர வினாத்தாள் தமிழிலும் இருக்கிறது, 30 கேள்வி. மார்பகத்துக்கென்று இன்னொரு 23 கேள்வி உண்டு. கடந்த ஒரு வாரத்தில் கை வலித்ததா, உன் உடம்பைப் பார்க்கப் பிடிக்கவில்லையா, முடி கொட்டியதில் வருத்தமா என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். ஆய்வுக்காக உண்டானது என்றாலும் படித்துப் பார், கேட்கத் தயங்கும் விஷயங்களை எப்படிக் கேட்பது என்று தெரியும். பதிலைக் குறிப்பேட்டில் எழுது. நோட்டில் ஏறிய பேச்சை யாரும் வேலை இல்லை என்று சொல்ல முடியாது. தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, சாகலாம் போலிருக்கிறது என்று யாராவது சொன்னால் அன்றைக்கே மருத்துவருக்குச் சொல். அடையாறு புற்றுநோய் நிலையத்தில் இதற்கென்றே மன ஆலோசனைத் துறை இருக்கிறது. அந்த நிலையத்தை 1954-ல் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தன் தங்கை புற்றுநோயில் படும் பாட்டைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்.

கேள்வி: அம்மாவுக்கு எலும்பில் பரவிவிட்டது. முதுகு வலியில் துடிக்கிறார். ‘மார்பின்’ (morphine) என்ற வலி மாத்திரை எழுதியிருக்கிறார்கள். பழக்கமாகிவிடும், கடைசிக் கட்டத்துக்குத்தான் கொடுப்பார்கள் என்று சித்தப்பா தடுக்கிறார். அம்மாவிடம் நோய் பரவியதைச் சொல்லவும் இல்லை. சொல்வதா?
வாசகர், சேலம்

பதில்: சித்தப்பாவிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். வலிக்காக, மருத்துவர் சொன்ன அளவில் சாப்பிடும் மார்பினுக்கு அடிமையாவது மிக அரிது. கடைசிக் கட்டத்துக்கு என்று வைத்துக்கொள்ளும் மருந்தும் அல்ல அது, வலி எப்போது இருக்கிறதோ அப்போதைய மருந்து. சாதாரண மாத்திரை நான்கு மணி நேரம்தான் வேலை செய்யும். வலி வந்தபின் கொடுப்பது என்று வைத்துக்கொள்ளாமல் கடிகாரத்தைப் பார்த்துக் கொடுங்கள். முதல் சில நாள் குமட்டலும் தூக்கமும் இருக்கும், பிறகு குறையும். மலச்சிக்கல் மட்டும் குறையாது, ஆகவே மலமிளக்கி மருந்தும் முதல் நாளிலிருந்தே வேண்டும். எழுதித் தராவிட்டால் கேட்டு வாங்குங்கள். 1985-ல் வந்த போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் நம் மருத்துவமனைகளில் மார்பின் கிடைப்பதே அரிதாக இருந்தது. 2014-ல் சட்டத்தைத் திருத்திய பிறகுதான் வழி லேசானது. கிடைக்காமல் துடித்தவர்களைப் பார்த்த எங்களுக்கு, கையில் வைத்துக்கொண்டே கொடுக்காமல் இருப்பவர்களைப் பார்த்தால் கோபம் வரும். மன்னிக்கவும்.

முதுகு வலியோடு கால் மரத்துப்போனாலோ, நடை தள்ளாடினாலோ, சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலோ அது முதுகுத் தண்டு நசுங்குவதற்கான அறிகுறி. அன்றைக்கே போனால் கால்களைக் காப்பாற்றலாம், தள்ளிப் போட்டால் முடியாது. எலும்பு வலிக்குக் கதிர்வீச்சும் நல்ல மருந்து, ஒரே ஒருமுறை கொடுத்தாலே பலருக்கு வலி இறங்கும். அதைப் பற்றியும் கேளுங்கள்.

அம்மாவிடம் சொல்வதா என்று கேட்டிருக்கிறீர்கள். அவருக்குத் தெரியாது என்று உறுதியாக நம்புகிறீர்களா? புற்றுநோய்ப் பிரிவு என்று போர்டு மாட்டிய கட்டடத்துக்குத்தான் அழைத்துப் போகிறீர்கள், பக்கத்துப் படுக்கைக்காரர் ஒரே மணி நேரத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிடுவார். ‘உடம்புக்கு என்னன்னு நினைக்கிறீங்கம்மா?’ என்று கேட்டுவிட்டு அவர் சொல்வதைக் கேளுங்கள். எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறாரோ அவ்வளவு அவரே கேட்பார். நகையை யாருக்குக் கொடுப்பது, தங்கை வீட்டுக்கு ஒருமுறை போய்வர வேண்டும் என்று அவருக்கும் காரியங்கள் இருக்கும் அல்லவா? வீட்டுக்கே வந்து பார்க்க, 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வலி தணிப்புச் செவிலியர்கள் இருக்கிறார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள்.

கேள்வி: தூத்துக்குடியிலிருந்து சென்னைக்குச் சிகிச்சைக்கு வந்து போகிறோம். ரயிலில் சலுகை உண்டு என்கிறார்களே?
வாசகர், தூத்துக்குடி

பதில்: உண்டு. சிகிச்சைக்கோ மறுபரிசோதனைக்கோ போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் கட்டணம் முழுவதும் தள்ளுபடி. கூட வரும் ஒருவருக்கு அந்த இரண்டு வகுப்பிலும் 75 சதவீதம் தள்ளுபடி. அதற்கென்று ரயில்வே படிவம் இருக்கிறது, மருத்துவமனையில் மருத்துவர் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி, முன்பதிவு கவுன்டரில் கொடுக்க வேண்டும். திரும்பும் பயணத்துக்கான கையெழுத்தையும் காலையில் பார்க்கும்போதே வாங்கிவிடுங்கள். டாக்டர் ஆபரேஷன் தியேட்டருக்குள் போய்விட்டால் அப்புறம் சாயங்காலம்தான் வெளியே வருவார், அதற்குள் கவுன்டரை மூடிவிடுவார்கள்.